மாண்டரின் மீன் வாங்கலாமா? மூணடி உப்புத்தண்ணி டேங்க்

2023 பிப்ரவரி 11 (கேள்வி)

நவம்பர்ல ஆரம்பிச்ச மூணடி மரைன் டேங்க். ஒரு ஜோடி க்ளவுன் மீன், ஒரு சிக்ஸ்லைன் ராஸ் மீன். அமோனியா ஜீரோ, நைட்ரேட் கம்மி, உப்பு 1.025. நேத்து சென்னை கொளத்தூர் மீன் கடைல மாண்டரின்னு அந்தக் கலர் கலரான குட்டிக் கடல் மீனைப் பார்த்தேன், அந்த இடத்தை விட்டு நகர முடியல. ரொம்ப டெலிகேட், தண்ணி கொஞ்சம் மாறினாலும் போயிடும்னு எல்லாரும் பயமுறுத்தறாங்க. என் தண்ணி பக்கா. அப்போ எனக்கு ஓகேதானே?

பிப்ரவரி 11, இரவு

வாங்காதீங்க.

தண்ணி பக்கான்னு நம்பறேன். ஆனா மாண்டரின் பெரும்பாலும் தண்ணியால சாகறதில்ல, பட்டினியால சாகுது. அதுவும் மெதுவா. கலர் போகாது, ராக் மேல தாவித் தாவிக் கொத்திக்கிட்டே இருக்கும், பார்க்கறவங்களுக்கு ஒரு குறையும் தெரியாது. சில வாரம் கழிச்சு ஒரு காலைல காணோம். ஓனர் தண்ணில என்னமோ ஆயிடுச்சுன்னு சால்ட் பிராண்டை மாத்துவார்.

பிப்ரவரி 12

நேத்து தூக்கக் கலக்கத்துல சுருக்கமா முடிச்சுட்டேன். காரணம் சொல்லாம வேணாம்னு சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க, நானும் கேட்டதில்ல.

இந்த மீன் நாள் பூரா ஆடு மேயற மாதிரி மேயும். காலைலயும் சாயங்காலமும் ரெண்டு சிட்டிகை போட்டா பாய்ஞ்சு வந்து வயித்தை நிரப்பிக்கற க்ளவுன் ஜாதி இல்ல. ராக் மேலயும் மணல்லயும் ஊர்ற கோப்பிபாட்தான், அதாவது இறால், நண்டு வகையைச் சேர்ந்த பொடி உசுருதான், முக்கிய சாப்பாடு. ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது ஒவ்வொண்ணும். ஒண்ணைப் பார்த்து, நின்னு, குறி வெச்சு, ஒரு கொத்து. அடுத்தது. இப்படியே வெளிச்சம் இருக்கற வரைக்கும். அந்த அளவுக்கு உங்க டேங்க்ல ஊர்ற ஐட்டம் இருக்கான்னுதான் கேள்வி.

டெஸ்ட் சுலபம். லைட் அணைச்சு ஒரு மணி நேரம் கழிச்சு டார்ச் எடுத்துக்கிட்டுப் போய் கண்ணாடியை ஓரமாப் பாருங்க. வெள்ளைப் புள்ளிங்க தத்தித் தத்தி நகரணும். அங்கொண்ணு இங்கொண்ணு இருந்தா இல்லைன்னே வெச்சுக்கோங்க. கண்ணாடி முழுக்கப் பொடி தூவின மாதிரி இருந்தா அப்புறம் பேசலாம்.

வெளிநாட்டு ஆளுங்க "முதிர்ந்த லைவ் ராக் டேங்க்னா போதும்"னு எழுதறதைப் படிச்சுட்டு இங்க நிறைய பேர் ஏமாறறாங்க. அவங்க லைவ் ராக் கடல்லேர்ந்து புழு பூச்சியோட வரும். நம்ம ஊர்ல கடல்லேர்ந்து பவளக்கல்லை எடுத்தா வனவிலங்குச் சட்டத்துல கேஸ். அதனால நாம எல்லாரும் காய்ஞ்ச கல்லு, செராமிக் கல்லு வெச்சுத்தான் ஆரம்பிக்கறோம். அதுல ஒரு உசுரும் கிடையாது. பாக்டீரியா ஒரு மாசத்துல வந்துடும், கோப்பிபாட் தானா வராது. நீங்கதான் கொண்டுவந்து விடணும். விட்டா மட்டும் போதாது, பெருக நேரம் குடுக்கணும்.

அப்புறம், உங்க சிக்ஸ்லைன் ராஸ் என்ன சாப்பிடுதுன்னு கவனிச்சிருக்கீங்களா? அதே கோப்பிபாட்தான்.

பிப்ரவரி 14

"அப்போ கடல் குதிரை வெச்சுக்கலாமா, அது அமைதியான மீனாச்சே"ன்னு ஒரு தம்பி கேட்டிருக்கார். அது அமைதியா இருக்கும். வனத்துறை இருக்காது. 2001ல கடல் குதிரையையும் அதோட குடும்பம் மொத்தத்தையும் வனவிலங்குச் சட்டத்தோட அட்டவணை ஒண்ணுல சேர்த்தாங்க, புலி இருந்த அதே பட்டியல்தான். பைப் மீனும் அந்தக் குடும்பம்தான். கடைல யாராவது கவர்ல போட்டுக் குடுத்தாலும் கை நீட்டாதீங்க.

சட்டத்தை விடுங்க, அதுக்கு இரைப்பையே கிடையாது. சாப்பிட்டது அப்படியே கடந்து போயிடும், திரும்பத் திரும்பப் போட்டுக்கிட்டே இருக்கணும். மாண்டரினை விட மோசமான வேலை.

பிப்ரவரி 20

பாட், அதான் கோப்பிபாட், எங்க கிடைக்கும், எப்படி வளர்க்கறதுன்னு தனியா மெசேஜ் வந்துக்கிட்டே இருக்கு. எல்லாருக்கும் பொதுவா இங்கயே எழுதிடறேன்.

வாங்கும்போது என்ன ஜாதின்னு கேளுங்க. டிக்ரியோபஸ்னு ஒண்ணு, சிவப்பா, பெருசா, கண்ணுக்கு நல்லாத் தெரியும், வாங்கினவருக்குக் காசு செலவழிச்ச திருப்தி இருக்கும். ஆனா நடுத்தண்ணில நீந்திக்கிட்டுத் திரியும், க்ளவுன் வாய்க்குத்தான் முதல்ல போகும். ட்ரீட் மாதிரி போட நல்லது, டேங்க்ல குடியேற நம்பாதீங்க. எனக்கு டிஸ்பேதான் பிடிக்கும். பொடிசு, கல்லு இடுக்குலயும் மணல்லயும் ஒட்டிக்கிட்டு வாழும், நம்ம வீட்டுச் சூட்டுக்கும் பெருகும். முட்டைலேர்ந்து பெருசாகிக் குட்டி போட பத்து நாள் வாக்கில ஆகும்.

பெருசா ஒண்ணும் தேவையில்ல. அஞ்சு லிட்டர் தண்ணி கேன், டேங்க் தண்ணி, ஏர் பம்ப்லேர்ந்து ஒரு டியூப். ஏர் ஸ்டோன் வேணாம், பொடிக் குமிழி அதுங்களைத் தூக்கிக்கிட்டுப் போய் நுரைல ஒட்ட வெச்சுடும். பெரிய குமிழியா செகண்டுக்கு ஒண்ணு ரெண்டு போதும். சாப்பாடு ஃபைட்டோ, அதாவது பொடிப் பாசி மிதக்கற பச்சைத் தண்ணி. தண்ணி லேசாப் பச்சையா இருக்கணும். தெளிஞ்சதும் மறுபடி கொஞ்சம் ஊத்துங்க. ஒரே நேரத்துல நிறைய ஊத்தினா அழுகும், அந்த வாசனைக்கு வீட்ல உங்களையும் கேனையும் சேர்த்து வெளிய வைப்பாங்க. என் கேன் எல்லாம் இப்ப வாஷிங் மெஷினுக்குப் பின்னாடி தலைமறைவா இருக்கு.

ஒரே கேன்ல எல்லாத்தையும் வைக்காதீங்க. ரோட்டிஃபர்னு இன்னொரு பொடி உசுரு இருக்கு, அது ஒரு துளி உள்ள போனா ஒரு வாரத்துல அதுதான் முதலாளி. கேனுக்கு ஒரு கரண்டி, ஒரு வடிகட்டி. ஃபைட்டோ எடுக்கற கையால பாட் கேனைத் தொடாதீங்க.

இதெல்லாம் நம்ம ஊருக்குப் புதுசும் இல்ல. பரங்கிப்பேட்டைல அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக் கடல்வாழ் உயிரியல் மையத்துல க்ளவுன் குஞ்சு பொரிக்க வெச்சிருக்காங்க. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் மண்டபத்துலயும் விழிஞ்ஞத்துலயும் அலங்கார மீன் குஞ்சு எடுத்திருக்கு, விழிஞ்ஞத்துல கோப்பிபாட் வளர்ப்பே தனி வேலையா நடக்குது. பொடி வாய்க் குஞ்சுக்குக் குடுக்க அதைவிட நல்ல இரை இல்லைங்கறதுதான் காரணம்.

பிப்ரவரி 21

நேத்து விட்டது: சம்ப்ல, அதாவது டேங்குக்குக் கீழ இருக்கற ஃபில்டர் தொட்டில, ஒரு அறையைத் தடுத்து கீட்டோ பாசி போட்டு, ராத்திரில அதுக்கு லைட் எரிய விடுங்க. ரெஃப்யூஜியம்னு இதைத்தான் சொல்றாங்க. எந்த மீனும் எட்டாத இடத்துல பாட் பெருகி, ரிட்டர்ன் பம்ப் வழியா கொஞ்சம் கொஞ்சமா மேல போகும். பம்ப்ல அடிபட்டுச் செத்துடாதான்னு கேப்பீங்க. பெரும்பாலும் உசுரோடதான் போகுது.

மார்ச் 5

"என் மாண்டரின் ஃப்ரோசன் மைசிஸ் (குட்டி இறால் மாதிரி இரை) சாப்பிடுது, நீங்க சும்மா பயமுறுத்தறீங்க"ன்னு வீடியோவோட ஒருத்தர் வந்திருக்கார். நல்ல மீன், ஒத்துக்கறேன். ஃப்ரோசனே சாப்பிடாதுன்னு நான் சொல்லல, ஆனா படிக்கறவங்களுக்கு அப்படித்தான் பட்டிருக்கும். பழக்க முடியும். தொங்கவிடற ப்ரீடிங் பாக்ஸ்ல தனியாப் போட்டு, உயிருள்ள ஆர்ட்டீமியா (பொடி உப்புத்தண்ணி இறால்) குடுத்து, அதுலயே கொஞ்சம் ஃப்ரோசன் கலந்து, நாளுக்கு நாள் கலவையை மாத்தணும். சில மீன் ஒரு வாரத்துல வரும், சில மீன் கடைசி வரைக்கும் திரும்பியே பார்க்காது. பண்ணைல பிறந்து வர்ற மாண்டரின் இதுல ரொம்பவே தேவலாம், ஆனா இங்க அபூர்வமாத்தான் கண்ல படுது.

வீடியோல நான் பார்த்தது வேற. மைசிஸ் கொட்டின உடனே க்ளவுன் ரெண்டும் முக்காவாசியை முடிச்சிடுச்சு. மாண்டரின் ஒரு துண்டை ரொம்ப நேரம் உத்துப் பார்த்துட்டு அப்புறம் எடுத்துச்சு. சாப்பிடுதுங்கறது உண்மை. நாள் பூரா மேயற மீனுக்கு அந்த ஒரு துண்டு எந்த மூலைக்கு? கடைக்காரர் "சாப்பிடுது சார்"னு சொல்றதும் இந்த அர்த்தத்துலதான், அவர் பொய் சொல்லல.

வயித்தைப் பாருங்க. மேலேர்ந்து பார்த்தா மார்புத் துடுப்புக்குப் பின்னால உடம்பு லேசா உருண்டு இருக்கணும். பக்கவாட்டுல குழி விழுந்து, முதுகோரம் ஒரு கோடு எழும்பித் தெரிஞ்சா அந்த மீன் ஏற்கனவே கடன்ல இருக்கு. இது நம்ம கடல் மீனே இல்ல, மேற்குப் பசிபிக், ஜப்பானோட தெற்குத் தீவுகள்லேர்ந்து ஆஸ்திரேலியா வரைக்கும். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா பக்கம் பிடிச்சு, ஏற்றுமதி கூடம், விமானம், இறக்குமதி ஆள், அப்புறம்தான் கொளத்தூர். அந்த வழி பூரா அதுக்கு யாரும் கோப்பிபாட் போட்டிருக்கப் போறதில்ல.

மார்ச் 6

கோப்பிபாட், கோப்பிபாட்னு நான் ஓவரா ஜபிக்கறேன்னு ஒருத்தர் கிண்டல். நியாயம்தான். இயற்கைல பிடிச்ச மீன் வயித்துல ஆம்ஃபிபாட், சின்னப் புழு, பொடி நத்தை, மீன் முட்டை எல்லாம் இருந்திருக்கு. ஆனா அதுல எதுவும் உங்க செராமிக் கல்லுலேர்ந்து தானா முளைக்காது.

மே 13

வெயில். தண்ணி 32 காட்டுதுன்னு மூணு பேர் கேட்டிருக்காங்க.

மாண்டரினைப் பொறுத்தவரைக்கும் சூடும் கடைசில சாப்பாட்டுக் கணக்குலதான் வந்து நிக்கும். தண்ணி சூடாக ஆக மீனோட உடம்பு வேகமா எரிக்கும், அதே மீன் மார்ச்சை விட மே மாசத்துல அதிகமா மேயணும். இன்னொரு பக்கம் ஆக்ஸிஜன் குறையும். கடல் தண்ணில 25 டிகிரில லிட்டருக்கு 6.7 மில்லிகிராம் சுமாருக்குக் கரையும், 30ல 6.2தான். கேக்கச் சின்ன வித்தியாசம். ராத்திரி கீட்டோக்கு லைட் இல்லாத டேங்க்ல, விடியற நேரத்துல அதுதான் உசுரு.

தண்ணியைக் குளிர வைக்கற சில்லர் இருந்தா போடுங்க. இல்லாதவங்க தண்ணி மேல ஃபேன் வைக்கலாம், ரெண்டு மூணு டிகிரி இறங்கும். காத்துல ஈரம் ஏறின நாள்ல அதுவும் இறங்காது, கடற்காத்து அடிக்கற சாயங்காலம் சென்னைக்காரங்களுக்குத் தெரியும். ஃபேன் போட்டா தண்ணி ஆவியாகும், உப்பு ஆவியாகாது. குறைஞ்ச அளவுக்கு நல்ல தண்ணிதான் ஊத்தணும், உப்புத்தண்ணி இல்ல. ஐஸ் கட்டியை நேரா டேங்க்ல போடறவங்களுக்கு இந்த இழைல இடமில்ல.

மே 14

நல்ல தண்ணின்னா எதுன்னு அடுத்த கேள்வி. கிச்சன்ல மாட்டியிருக்கற ஆர்ஓ பத்தாது. நிறைய மாடல்ல டிடிஎஸ் (தண்ணில கரைஞ்ச உப்பு) கன்ட்ரோலர்னு ஒண்ணு இருக்கும், வடிகட்டின தண்ணியோட வடிகட்டாத தண்ணியைக் கொஞ்சம் கலந்து டேஸ்ட் கொண்டுவர. நமக்கு வேண்டியது டிடிஎஸ் மீட்டர்ல ஜீரோ. தனியா ஆர்ஓ மெம்பரேனும் பின்னாடி மிச்ச உப்பையும் பிடிக்கற டிஐ ரெசினும் வேணும். சென்னை போர் தண்ணிக்கு ரெசின் சீக்கிரம் தீரும், அழுதுக்கிட்டே மாத்துங்க.

ஏசி தண்ணியைப் பிடிச்சு ஊத்தலாமா, அது டிஸ்டில்டுதானேன்னு கேக்கறவர் வருஷா வருஷம் ஒருத்தர் வருவார், இந்த வருஷமும் வந்துட்டார். ஏசிக்குள்ள அது வழியற காயில்ல காப்பர் இருக்கு, தூசும் அழுக்கும் வேற. இறாலுக்கும் கோப்பிபாடுக்கும் காப்பர் விஷம். மாப் போட யூஸ் பண்ணுங்க.

ஜூன் 24

காப்பர்னு பேச்செடுத்தது நல்லதாப் போச்சு. ஒருத்தர் பவுடர் ப்ளூ மீன் வாங்கி நேரா டேங்க்ல விட்டிருக்கார், இப்ப எல்லாத்துக்கும் வெள்ளைப் புள்ளி வியாதி. மாண்டரின் மட்டும் சுத்தமா இருக்காம். டேங்க் முழுக்கக் காப்பர் மருந்து ஊத்தலாமான்னு கேக்கறார்.

ஊத்தாதீங்க. மாண்டரினுக்குச் செதில் இல்ல, தடியான வழவழப்புத்தான் தோலுக்குக் காவல், அதனால இந்த ஒட்டுண்ணி அதுல சுலபத்துல பிடிக்காது. காப்பர் ஊத்தினா ஒட்டுண்ணியோட கோப்பிபாடும் மொத்தமா காலி. வியாதி வராத மீனைப் பட்டினி போட்டுக் கொல்றதுக்கு இதைவிட வேகமான வழி இல்ல. கல்லும் மணலும் காப்பரைக் குடிச்சு வெச்சுக்கும், அப்புறம் இறால் வைக்கறதும் கஷ்டம்.

ஒட்டுண்ணி பேரு கிரிப்டோகேரியான். மீன் மேல சுமார் மூணுலேர்ந்து ஏழு நாள். அப்புறம் தானா விழுந்து கல்லுலயும் மணல்லயும் கூடு கட்டும். "மருந்து போடாமயே சரியாயிடுச்சு"ன்னு எல்லாரும் சந்தோஷப்படற கட்டம் இதுதான். கூடு வெடிச்சு நூத்துக்கணக்குல குட்டிங்க வரும், ஒண்ணு ரெண்டு நாளைக்குள்ள மீன் கிடைக்கலேன்னா செத்துடும். எல்லாக் கூடும் ஒரே நாள் வெடிக்காது, சில கூடு வாரக்கணக்குல தூங்கும். அதனாலதான் டேங்க்ல ஒரு மீன்கூட இல்லாம 72, 76 நாள் காலியாப் போடச் சொல்றாங்க.

இங்கதான் மாண்டரின்காரருக்குச் சிக்கல். மத்த மீனையெல்லாம் தனி டேங்குக்கு மாத்தி மருந்து குடுக்கலாம். மாண்டரினை டேங்க்லயே விட்டா காலியாப் போட்டதுக்கு அர்த்தமில்ல, புள்ளி தெரியலேன்னாலும் செவுள்ல ரெண்டு ஒட்டுண்ணி போதும். வெறும் பைப்பு போட்ட குவாரன்டைன் தொட்டிக்கு மாத்தினா அங்க மேய ஒண்ணுமில்ல. நான் பரிந்துரைக்கறது மருந்தே இல்லாத மூணாவது ஒரு சின்ன டேங்க்: ரெஃப்யூஜியம் கீட்டோல பாதி, பாட் கேன் ஒண்ணு மொத்தமா, தினமும் ஆர்ட்டீமியா குஞ்சு. ஒட்டுண்ணி கீட்டோவோட வரலாம்கறது உண்மை. அதனால மாண்டரினை ரெண்டு நாளைக்கு ஒரு தடவை சுத்தமான இன்னொரு டப்பாவுக்கு மாத்திக்கிட்டே இருக்கறவங்களும் உண்டு. மீனுக்கு முன்னாடி ஆள் படுத்துடுவான்.

ஜூன் 25

கீட்டோ யோசனையைத் திரும்ப யோசிச்சேன். வியாதி வந்த டேங்கோட ரெஃப்யூஜியத்துலேர்ந்து எடுக்காதீங்க, வீட்டுல தனியா ஓடற கேன்லேர்ந்து மட்டும் எடுங்க. கேன்ல எப்பவும் மீன் இருந்ததில்ல, அதனால ஒட்டுண்ணிக்கு வழியில்ல. கேனை ரெண்டு மூணாப் பிரிச்சு வெச்சுக்கோங்கன்னு நான் கத்தறதுக்கு இதுவும் காரணம்.

இதெல்லாம் வேணாம்னா, புது மீன் எதுவா இருந்தாலும் முதல்ல தனித் தொட்டில இருக்கட்டும். பவுடர் ப்ளூவுக்கு இது ரெண்டு மடங்கு பொருந்தும்.

அப்புறம், மாண்டரினை வலைல பிடிக்காதீங்க. செவுள் மூடிகிட்ட ஒரு முள் இருக்கு, வலைல மாட்டிக்கிட்டா பிரிச்செடுக்கறதுக்குள்ள தோல் கிழியும். பிளாஸ்டிக் டப்பாவைச் சாய்ச்சு உள்ள ஓட்டுங்க.

ஆகஸ்ட் 19

சம்பந்தமில்லாத ஒண்ணு. மீன்ல பார்க்கற நீலம் கிட்டத்தட்ட எல்லாமே வெளிச்சம் சிதறி வர்ற நீலம், சாயம் கிடையாது. ஆனா இந்த மாண்டரின்லயும் அதோட ஒண்ணுவிட்ட தம்பி புள்ளி மாண்டரின்லயும் தோல்ல நிஜமாவே நீலச் சாயம் வெச்ச செல் இருக்குன்னு 1995ல ரெண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடிச்சாங்க. பட்டினி கிடந்தாலும் கலர் அவ்வளவு சீக்கிரம் வாடறதில்லைன்னு முதல் பதிவுல சொன்னேனே, அதுக்கு இதுதான் காரணமான்னு யோசிக்கறேன். யூகம்தான், பிடிச்சுத் தொங்காதீங்க.

ஆண் எதுன்னு கேட்டவருக்கு: முதுகுத் துடுப்போட முதல் முள் கொடிக்கம்பம் மாதிரி நீண்டிருக்கும். ரெண்டு கொடிக்கம்பத்தை ஒரே டேங்க்ல நடாதீங்க, ஒண்ணுதான் மிஞ்சும்.

நவம்பர் 18

முதல்ல கேள்வி கேட்ட மூணடி டேங்க்காரர் திரும்ப வந்திருக்கார். சிக்ஸ்லைனைத் தானமாக் குடுத்துட்டாராம், சம்ப்ல கீட்டோ போட்டாராம், ராத்திரி கண்ணாடில பொடி தூவின மாதிரிதான் இருக்காம். சபாஷ். ஒரே மாண்டரின், அதுவும் வயிறு உருண்டது. டேங்க் சின்னதுதான், அதனால விட்டதுக்கப்புறமும் வாரம் ஒரு கேன் பாட் கொட்டறதை நிறுத்தக்கூடாது.

கூடவே கோவளத்துலேர்ந்து கடல் தண்ணி கொண்டுவந்து மாத்தலாமான்னு கேட்டிருக்கார். இந்த மாசமா? வடகிழக்குப் பருவமழை கொட்டிக்கிட்டிருக்கு. அதோட ஆந்திரா, ஒடிசா ஆத்துத் தண்ணியும் கரையோரமா தெற்கே இறங்கி வர்ற காலம். கரைத் தண்ணில உப்பு நல்லாவே குறைஞ்சிருக்கும். உப்பு அளக்கற ரிஃப்ராக்டோமீட்டர் வெச்சுப் பார்த்துட்டுப் பேசுங்க. கூவம், அடையாறு வாய்லேர்ந்து என்ன வருதுன்னு நான் சொல்லி உங்களுக்குத் தெரியணுமா? மார்ச், ஏப்ரல்ல எடுங்க, இல்ல சால்ட் கலக்குங்க.

டிசம்பர் 8

மிக்ஜாம் புயல்ல எத்தனை டேங்க் போச்சோ தெரியல. எங்க பக்கம் 4ஆம் தேதி காலைல போன கரண்ட் ரொம்ப நேரம் வரல, இன்வெர்ட்டர் அன்னைக்கே படுத்துடுச்சு. மீன் எல்லாம் பிழைச்சுடுச்சு. பேட்டரி ஏர் பம்ப்தான் காரணம், கூட வானிலை. தண்ணி 25க்குப் பக்கத்துல இருந்ததால ஆக்ஸிஜன் தாக்குப் பிடிச்சுது. இதே மே மாசமா இருந்திருந்தா நான் இங்க எழுதிக்கிட்டிருக்க மாட்டேன், டேங்கை வித்துக்கிட்டிருப்பேன்.

கரண்ட் இல்லாம இருந்த நேரம் பூரா மீனுக்குச் சாப்பாடே போடல. க்ளவுன் என்னைத் திட்டியிருக்கும். மாண்டரின் எப்பவும் போல கல்லு கல்லா மேய்ஞ்சுக்கிட்டிருந்துச்சு. கரண்ட் போனா முதல்ல கஷ்டப்படறது இந்த டெலிகேட் மீன்தான்னு நினைச்சேன், நேர் எதிரா இருந்துச்சு.

கேனிஸ்டர் ஃபில்டர் வெச்சிருக்கறவங்க கரண்ட் வந்ததும் அப்படியே ஆன் பண்ணாதீங்க. மூடின டப்பாக்குள்ள இவ்வளவு நேரம் ஓட்டமில்லாம இருந்ததுல பாக்டீரியா செத்து அழுகியிருக்கும், அந்தத் தண்ணி நேரா டேங்குக்குப் போகும். திறந்து கொட்டிக் கழுவிட்டுப் போடுங்க.

டிசம்பர் 9

"பேட்டரி பம்ப் வெச்சிருந்தேன், கரண்ட் போனதும் ஹால் பூரா உப்புத்தண்ணி"ன்னு ஒருத்தர். பம்பை டேங்க் தண்ணி மட்டத்துக்குக் கீழ, ஸ்டாண்டுக்குள்ள வெச்சிருந்தீங்களா? காத்து நின்னா தண்ணி டியூப் வழியா பின்னாடி இறங்கும். பம்ப் மேல இருக்கணும், இல்லேன்னா டியூப்ல நடுவுல ஒரு நான் ரிட்டர்ன் வால்வு போடுங்க. கொளத்தூர்ல எந்தக் கடைலயும் கிடைக்கும், ஒண்ணுக்கு ரெண்டா வாங்குங்க. உப்பு ஏறினா சீக்கிரம் அடைச்சுக்கும்.